ஜன்னல் சீட் கேட்ட மழை

“அவரு என்ன பால் குடிக்கிற குழந்தையா அண்ணி? எதுக்கெடுத்தாலும் உங்களைக் கேட்டு—”

“கேட்டுட்டுப் பண்ணுன்னு நான் எப்பச் சொன்னேன்? சொல்லிட்டுப் பண்ணுன்னுதான்—”

“சொல்லிட்டுத்தானே இருக்கேன். அந்த ஊர் டிப்போவுலதான் வேலை குடுப்பாங்களாம். வீடு பார்த்தாச்சு. மூணு ரூம், அதுல ஒண்ணு—”

“எத்தனை ரூமா இருந்தா எனக்கென்ன? டாக்டர் இன்னும் கையெழுத்தே போடலை, அதுக்குள்ள மூட்டையைக்—”

“போடுவாரு அண்ணி. நீங்கதான் போடக் கூடாதுன்னு—”

“என் வாயில இருந்து அந்த வார்த்தை வந்துச்சா?”

“வாயில இருந்துதான் வரணுமா? முதல்ல அந்தப் போனைக் கீழ வைங்க. மனுஷி பேசிட்டிருக்கேன், டிக்கு டிக்குன்னு. மண்டைக்குள்ள யாரோ ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு.”

மைக்கின் சத்தத்தை நான் கொஞ்சம் தூக்கலாக வைத்துவிட்டேன். அது ஒன்றுதான் நான் கவனிக்காமல் விட்டது. நீங்கள் ஸ்டேஷனில் போட்டுக் காட்டியபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. என் தம்பி மனைவி சமையலறை வாசலில் நிற்கிறாள், நான் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன், கம்ப்யூட்டரோ சுவரோரமாக இருக்கிறது. ஆனாலும் இரண்டு பேரும் அதன் மடியில் உட்கார்ந்து பேசினது போல விழுந்திருக்கிறது. தம்பி அப்போது டீ போட எழுந்து போயிருந்தான். விளையாட்டை நிறுத்திவிட்டுப் போனான். பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

“இந்த ரெண்டாவது குரல் உங்களோடதா?” என்று கேட்டீர்கள். என்னுடையதுதான். மற்றதையும் மறைக்கப் போவதில்லை. எழுதித் தருகிறேன் என்று காகிதம் கேட்டு வாங்கியதும் நான்தானே. பேசச் சொன்னால் நடுவில் நீங்கள் ஏதாவது கேட்பீர்கள், எனக்கு இழை விட்டுப்போகும்.

எனக்கு எதுவும் பேச்சாகத்தான் நினைவில் நிற்கும். முகம் மறந்துவிடும். யார் எந்தச் சொல்லில் மூச்சு வாங்கினார்கள் என்பது மறக்காது. செய்த வேலை அப்படி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஹெட்போனை மாட்டினால் ஒரு காது லைனுக்கு, இன்னொரு காது அறைக்கு. பேசுகிற இரண்டு பேருக்கும் நடுவில் நாம் இருக்கிறோம் என்று தெரியக் கூடாது. நம் மூச்சுகூட அவர்களுக்குப் போகக் கூடாது. “பேசிட்டிருக்கீங்களா?” என்று கேட்டு, இரண்டு பக்கமும் பதில் இல்லை என்றால் இணைப்பை எடுத்துவிடலாம். அவ்வளவுதான் நாம் வாயைத் திறக்கும் இடம். மற்ற பெண்களைப் பற்றிப் புகார் வரும், நடுவில் சிரித்தாள், நடுவில் இருமினாள் என்று. என்னைப் பற்றி ஒன்றும் வந்ததில்லை.

தம்பி பஸ் டிரைவர். எங்கள் அம்மா போனபோது அவனுக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. அதற்குப் பிறகு எல்லாமே நான்தான். அதைச் சொல்லிக்காட்டுவதற்காக எழுதவில்லை. யார் யாரை நம்பினார்கள் என்பது உங்களுக்கு விளங்க வேண்டும், அதற்காக.

அவனுக்கு முதல் வலிப்பு பஸ்ஸில் வந்தது. வண்டி நிறைய ஜனம். அவனே சொன்னது இது:

“ரப்பர் கருகற வாசனை வந்துச்சுக்கா. டயர்னு நினைச்சேன். ஓரங்கட்டி, ஹேண்ட்பிரேக் போட்டு, இண்டிகேட்டரையும் போட்டுட்டு, கண்டக்டரைப் பார்த்து ‘வாசனை வருதா’ன்னு கேட்டேன். ‘என்ன வாசனை?’ன்னான். அதோட எனக்கு ஒண்ணும் தெரியலை.”

யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. டயரிலும் ஒன்றும் இல்லை. சிலருக்கு வலிப்பு வருவதற்கு முன்னால் இப்படி ஒரு வாசனை மண்டைக்குள்ளேயே வரும் என்று டாக்டர் விளக்கினார். கம்பெனியில் அவனை ஸ்டியரிங்கைத் தொடவிடாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வந்தது. அவனுக்கு அந்த வாசனை வந்தால் உடனே கேட்பான்: “அக்கா, வாசனை வருதா?” நான் மூக்கை உறிஞ்சிப் பார்ப்பேன். நிஜமாகவே ஏதாவது அடிப்பிடித்திருந்தால், “வருது, அடுப்புதான்” என்பேன். சிரித்துக்கொள்வோம். இல்லை என்றால், “வரலை. படு.” அந்தச் சொல் காதில் விழுந்ததும் அவன் எதுவும் யோசிக்க மாட்டான். இருந்த இடத்திலேயே தரையில் ஒருக்களித்துப் படுத்துவிடுவான். நான் கண்ணாடியைக் கழற்றி, நாற்காலியை நகர்த்தி, பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். கேள்விக்கும் வலிப்புக்கும் நடுவில் படுக்கிற அளவுக்கு நேரம் இருக்கும். அடிபடாமல் போய்விடும். தன் மூக்கைவிட என் ‘வரலை’யை அவன் நம்பினான். என் பதில் வராமல் படுக்க மாட்டான். “நீ சொன்னாத்தான்க்கா எனக்கு உறுதியாகுது” என்பான்.

மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டதில் வலிப்பு குறைந்தது. பிறகு நின்றேபோனது. கல்யாணமும் ஆனது. லாண்டரிக் கடைக் கவுண்ட்டரில் வேலை பார்க்கிற பெண். சட்டைக் காலரில் சீட்டுக் குத்துகிறவள், யார் துணி எது என்று ஒருநாளும் மாற்றிக் கொடுத்ததில்லையாம். கெட்டவள் இல்லை. கொஞ்சம் சத்தமாகப் பேசுவாள்.

கம்பெனிக்காரர்கள் ஆள் அனுப்பினார்கள். அவர்களுடைய டாக்டர் தகுதிச் சான்றில் கையெழுத்துப் போட்டால் திரும்ப எடுத்துக்கொள்வோம், ஆனால் இங்கே இடமில்லை, வேறொரு ஊரில்தான் என்று. தம்பிக்குக் கை பரபரத்தது. ஒரு கம்ப்யூட்டரும், மேஜையில் திருகிப் பொருத்துகிற ஸ்டியரிங்கும், பஸ் ஓட்டுகிற விளையாட்டு ஒன்றும் வாங்கினான். விளையாட்டு என்றுதான் பேர். அவன் ஓட்டுவதைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. யாரும் இல்லாத நிறுத்தத்தில்கூட நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் எடுப்பான்.

“நான் பிரேக் அடிக்கிறதை நானே பார்க்கணும்க்கா. வெளியில இருந்து பார்த்தாத்தான் தப்பு தெரியும்” என்றான். அதற்காகத்தான் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவரை வரச் சொன்னோம். தம்பிக்கு இந்த மாதிரி வேலைக்கெல்லாம் பொறுமை கிடையாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

“இங்க பாருங்கம்மா. இது பதிவு. இதைத் தட்டினா திரையில ஓடறது அத்தனையும் இந்தப் பெட்டிக்குள்ளயே வீடியோவா விழுந்துரும். இது நேரலை. இதைத் தட்டினா வெளிய போயிரும், யார் வேணா பார்க்கலாம், பார்க்கறவங்க எழுதிக் கேட்கலாம். ரெண்டும் வேற வேற. குழப்பிக்காதீங்க.”

“ஒவ்வொரு தடவையும் தட்டணுமா?”

“வேண்டாம். விளையாட்டைத் திறந்ததும் பதிவு தானா ஆரம்பிக்கிற மாதிரி வெச்சுடறேன். அப்புறம் நீங்க மறந்துடலாம்.”

“இது மைக்கா?”

“ஆமா. ஆன் பண்ணினா அண்ணன் பேசறதும் விழும்.”

“பக்கத்துல இருக்கறவங்க பேசினா?”

“இந்தக் கோட்டை நீங்க எவ்வளவு தூக்கறீங்களோ அவ்வளவு. இந்த வயசுல உங்களுக்கு எதுக்கும்மா இதெல்லாம்?”

சிரித்துக்கொண்டேன். சின்னச் சின்ன ஸ்விட்ச், தள்ளினால் நிறம் மாறுகிறது, எங்கேயோ ஒரு இணைப்பு விழுகிறது. எக்ஸ்சேஞ்சை விட்டு வந்த பிறகு என் விரலுக்கு வேலை கொடுத்தது அதுதான். தம்பிக்கு மெதுவான குரல் என்பதால் மைக் கோட்டைக் கடைசிவரை தூக்கினேன்.

நேரலை என் யோசனை. அவன் முதலில் வெட்கப்பட்டான்.

“என்னை யாருக்கா பார்ப்பா?”

“வேலைவெட்டி இல்லாம நின்னு போற பஸ்ஸையே பார்த்துட்டிருக்கறவங்க இல்லியா? அவங்க பார்ப்பாங்க.”

பார்த்தார்கள். முதலில் இரண்டு மூன்று பேர், பிறகு ஒரு பஸ் கொள்ளும் அளவுக்கு. அவனும் நிஜப் பயணிகளிடம் பேசுவது போலவே பேசினான். “பின்னாடி இடம் இருக்கு பாருங்க, முன்னாடியே வந்து ஒட்டிக்காதீங்க.” “யாருப்பா அது, ஓடற வண்டியில ஏறினது? கால் ஒடிஞ்சா எனக்குக் கெட்ட பேரு.” அவர்கள் எல்லோருக்கும் பட்டப்பெயர். ஸ்டெப்னி என்று ஒருவர் தினமும் வருவார். “டிரைவரண்ணே, பஞ்சரானா கூப்பிடுங்க, பின்னாடிதான் தொங்கிட்டிருக்கேன்” என்று எழுதுவார். தம்பி வாய்விட்டுச் சிரிப்பான். வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகுகாலமாகியிருந்தது. எந்தப் பாதையில் போவது, வெயிலா பனியா மழையா என்பதைப் பயணிகளே கேட்டு வாங்கலாம் என்று அவன் ஒரு வழக்கம் வைத்தான்.

ஜன்னல்சீட் என்று ஒரு பயணி இருந்தாளே, அது நான்தான்.

அதை நீங்கள் கண்டுபிடித்தது என் போனில் எழுத்தைத் தட்டும்போது வருகிற சத்தத்தை வைத்து. எல்லோரும் அதை அணைத்துவைப்பார்களாம். எனக்கு விரலுக்குக் கீழே ஒரு சத்தம் கேட்காவிட்டால் தொட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்துவிடும். பதிவில் முதலில் டிக் டிக் என்று கேட்கிறது, சற்றுப் பொறுத்துத் திரையின் ஓரத்தில் ஜன்னல்சீட்டின் வேண்டுகோள் வந்து நிற்கிறது. ஒவ்வொரு தடவையும். இதைக் கண்டுபிடித்தது நீங்கள்கூட இல்லை, தம்பி மனைவிதான். அவன் குரலைக் கேட்பதற்காகப் பெட்டியைத் திறந்திருக்கிறாள். அவளுக்கு அந்தச் சத்தத்தின்மேல் எப்போதும் எரிச்சல்.

ஏன் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி.

அவன் திரும்ப நிஜ பஸ் ஓட்டப் போகிறான். வண்டி நிறைய ஜனம், கைக்குழந்தைக்காரி, பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள். டாக்டர் என்ன பார்க்கிறார்? முழங்காலைத் தட்டிப் பார்க்கிறார், கண்ணில் டார்ச் அடிக்கிறார், கையெழுத்துப் போடுகிறார். ராத்திரியில் எதிர்வண்டி விளக்கு கண்ணில் அடிக்கும்போது, மின்னல் வெட்டும்போது, அவனுக்கு என்ன ஆகும் என்று யார் சோதித்தார்கள்? அந்த விளையாட்டைத் திறந்ததும் ஒரு எச்சரிக்கை வருகிறது, மின்னுகிற வெளிச்சத்தால் சிலருக்கு வலிப்பு வரலாம் என்று. எல்லோரும் சரி என்று தட்டிவிட்டுப் போகிறார்கள். நான் படித்தேன். யாருக்கும் அடிபடாத ஒரு சாலையில் அவனைச் சோதித்துப் பார்த்துவிடுவது பொறுப்பான காரியம் என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

முதலில் மழை கேட்டேன். “மழையில் போகலாமா டிரைவர்? இடியும் மின்னலுமா.” போனான். திரை பளிச் பளிச்சென்று வெளுத்தது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

“அக்கா, இந்த ஜன்னல்சீட்டு ஆளுக்கு என்னமோ மனசுல கஷ்டம் போல” என்றான் இறங்கி வந்ததும். நாற்காலியிலிருந்து எழுந்ததைத்தான் இறங்கி வந்ததும் என்கிறேன், எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம்.

“ஏன்டா?”

“எப்பவும் மழையே கேட்குது. தனியா இருக்கற பொம்பளைன்னு நினைக்கிறேன்.”

“நீ ஏன் கேட்டதெல்லாம் குடுக்கறே?”

“ஜன்னல் சீட்டு கேட்கறவங்களுக்கு அது ஒண்ணுதானேக்கா சந்தோஷம்.”

அடுத்து சுரங்கப்பாதை கேட்டேன். வரிசையாக விளக்குகள், உள்ளே போனால் வெளிச்சமும் இருட்டும் மாறி மாறிக் கண்ணில் அடிக்கும். எனக்கே போனில் பார்க்கத் தலை சுற்றியது. அவன் விசில் அடித்துக்கொண்டே போய் வந்தான்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் என்பீர்கள். பட்டேன். ஆனால் பிறகு யோசித்தேன். ஓட்டுவது அவனா, மாத்திரையா? இங்கே மாத்திரைப் பெட்டியை நிரப்புவது நான். போகிற ஊரில் யார் நிரப்புவார்கள்? அவள் பாட்டுக்குக் காலையில் ஓடுவாள், அவன் மறந்துவிடுவான், அப்புறம் ஒருநாள் சாலையில் என்ன ஆகும்? சோதனை என்றால் முழுதாகச் செய்ய வேண்டும். அதனால் அந்த வெள்ளை மாத்திரைக்குப் பதிலாகப் பார்வைக்கு அதே மாதிரி இருக்கிற சத்து மாத்திரையைப் பெட்டியில் வைத்தேன். உடம்புக்குக் கெடுதல் இல்லாதது. கடைக்காரரிடம் கேட்டுத்தான் வாங்கினேன்.

கம்ப்யூட்டர் திரைக்குப் பின்னால் எப்போதும் ஒரு விளக்கு எரிய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த பல்பு போய்விட்டது. நான் வேறு போடவில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், பல்பைக் கழற்றியது நான் என்று தம்பி மனைவி சொல்லியிருக்கிறாள். கழற்றவில்லை. தானாகத்தான் போனது.

நேரலையின் முகவரியைக் கம்பெனி டாக்டருக்கு அனுப்பிவைத்திருந்தேன், ‘அக்கறையுள்ள ஒரு பயணி’ என்று கையொப்பம் போட்டு. அவர் பார்த்தாரா என்று தெரியாது. அவர் பார்க்கும்போது தம்பிக்கு வலிப்பு வந்தால் அவரே தெரிந்துகொள்வார், யாரும் யாரையும் குறைசொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். தம்பி வீட்டோடு இருப்பான். விளையாட்டுதான் இருக்கிறதே, பயணிகள்தான் இருக்கிறார்களே. அந்த ஊருக்கு அவள் வேண்டுமானால் போகட்டும், வாரம் ஒருமுறை வரட்டும்.

அவன் செத்துப்போக வேண்டும் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. இதைத் தயவுசெய்து அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். வலிப்பு வர வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன்.

தலை மேஜை முனையில் பட்டதுதான் காரணம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஒருக்களித்துப் படுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காதாம். அதை எனக்கு எதற்குச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் நேரலையை அழித்துவிட்டேன். பேச்சு முடிந்ததும் இணைப்பை எடுக்கிற மாதிரி. பார்த்தவர்கள் ஏதேதோ எழுதியிருந்தார்கள். “டிரைவர் டீ குடிக்கப் போயிட்டாரா?” “அண்ணே, ஹாரன் அடிக்கவா?” என்று ஸ்டெப்னி. அது எதையும் நான் முழுதாகப் படிக்கவில்லை. பதிவு வேறு, நேரலை வேறு என்று ரிப்பேர்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான்தான் குழப்பிக்கொண்டேன். வெளியே போனதை அழித்தேன், பெட்டிக்குள் விழுந்தது அப்படியே இருந்திருக்கிறது.

நேற்று நீங்கள் இன்னொரு துண்டும் போட்டுக் காட்டினீர்கள். நான் குளிக்கப் போயிருந்தபோது அவன் பயணிகளிடம் பேசினது. “மூணு ரூம் வீடுப்பா. அதுல ஜன்னல் வெச்ச ரூம் எங்கக்காவுக்கு. இன்னும் சொல்லலை, கையெழுத்து விழட்டும்னு இருக்கேன். இப்பவே சொன்னா, அது முந்தி மூட்டை கட்டி உட்கார்ந்துடும்.” அதற்கு ஸ்டெப்னி ஏதோ கேலியாக எழுத, இவன் சிரிக்கிறான். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள், நான் என்ன சொல்வேன் என்று. அது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாதது. தம்பி மனைவியும் அன்றைக்கு அதைத்தான் சொல்ல வந்தாள் என்கிறீர்கள். இருக்கலாம். அந்த இடத்தில் நான் குறுக்கே பேசிவிட்டேன். ஆபரேட்டராக இருந்தவரை அப்படி நடந்ததில்லை.

இனி, அது நடந்த அன்றைய மதியம். அதையும் முடித்துவிடுகிறேன்.

தம்பி மனைவி வேலைக்குப் போயிருந்தாள். வெயில் விழுந்து திரை தெரியவில்லை என்று அவன்தான் ஜன்னல் சீலையை இழுத்துவிடச் சொன்னான். இழுத்தேன். அறை பொந்து மாதிரி ஆகிவிட்டது. நான் அவனுக்குப் பின்னால், கட்டிலில், சுவரில் சாய்ந்துகொண்டு உட்கார்ந்தேன். கையில் போன். வலது காதில் மட்டும் இயர்போன். இடது காது அறைக்கு.

“எல்லாரும் ஏறியாச்சா? படியில நிக்காதீங்க. ஸ்டெப்னி எங்க, ஆளையே காணோம்? ஆங், தொங்கிட்டியா, சரி.”

நேரலை என்று சொல்கிறார்களே தவிர அது அப்போதைக்கு அப்போது வருவதில்லை. அவன் பேசுவது இடது காதில் முதலில் கேட்கும். வலது காதில் அரை நிமிஷம் போலத் தள்ளி வரும். வெளியூர் லைனில் இப்படித்தான் குரல் பின்தங்கி வரும், எனக்குப் புதிதில்லை.

நான் எழுதினேன்: “இன்னைக்குச் சுரங்கப்பாதை. மழையோட.”

“மழையும் சுரங்கமுமா?” என்று சிரித்தான். “ஒரு முடிவோடதான் வந்திருக்கீங்க போல. சரி, போவோம். ஜன்னல் சீட்டு கேட்டு இந்த வண்டியில இல்லைன்னு சொன்னதில்லை.”

மலை ஏறினான். மின்னல் வெட்டும்போதெல்லாம் அறைச் சுவர் வெளுத்து, அவன் தலை மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். நான் அவனைப் பார்க்கவில்லை, போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுரங்கத்துக்குள் நுழையும் முன் ஹாரன் அடித்தான். விசில் சத்தம் நின்றது. பிறகு அவன் என்னைக் கேட்டான்.

இடது காதில்தான் கேட்டது. தெளிவாகவே கேட்டது. நான் சொல்ல வேண்டியது ஒரே சொல், நானே பழக்கினது.

ஆனால் போனில் அவன் இன்னும் கேட்டிருக்கவில்லை. போனில் அவன் சுரங்கத்துக்குள் போய்க்கொண்டிருந்தான், நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தான். லைனில் வருவதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும், அறையில் கேட்பதற்கு இல்லை. அப்படியே பழகிவிட்டது. லைனில் வரட்டும், சொல்லலாம் என்று இருந்தேன். அவன் நாற்காலி கிரீச்சென்றது. என் பக்கம் திரும்பியிருப்பான் என்று நினைக்கிறேன். நான் மூச்சைக்கூட விடவில்லை. அப்புறம் மேஜை ஒருதரம் அதிர்ந்தது.

போனில் பஸ் சுரங்கத்தை விட்டு வெளியே வந்தது. மழை கொட்டிக்கொண்டிருந்தது. என்ன செய்கிறான் என்று பார்த்தேன். வேகத்தைக் குறைத்தான். கண்ணாடியில் பின்னால் பார்த்தான். ஒரு குலுக்கல் இல்லாமல், நின்றுகொண்டு வருகிறவர்கள் கம்பியைப் பிடிக்கக்கூடத் தேவையில்லாத மாதிரி, மெதுவாக ஓரங்கட்டினான். ஹேண்ட்பிரேக்கை இழுத்தான். இண்டிகேட்டரைப் போட்டான். டிக், டிக் என்று அது அணைந்து அணைந்து எரிந்தது. வண்டியில் யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை.

அப்புறம்தான் என் வலது காதில் வந்தது.

“அக்கா, ரப்பர் கருகற வாசனை வருது. உனக்கு வருதா?”